மடியில் கனமுள்ளவர்கள்

“எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு? எடுத்துட்டுப் போகட்டுமே.”

இதைச் சொல்லாத நடுத்தர வர்க்கத்து ஆண்மகனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கைப்பேசி ஒட்டுக்கேட்கிறது என்று பேச்சு வந்தாலும் இதுதான் பதில். கார் வேவு பார்க்கிறது என்றாலும், லாட்ஜ் வரவேற்பறையில் ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுக்கொள்கிறார்கள் என்றாலும் இதேதான். சொல்லும்போது முகத்தில் ஒரு காந்திக் களை வேறு. இந்த மனிதரிடம் மைத்துனர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் “ஏதோ வருது, ஓடுது” என்பார். மனை வாங்கினால் பத்திரப்பதிவு முடியும்வரை சொந்தத் தம்பிக்குத் தெரியாது. மகளுக்கு வரன் பார்ப்பது எதிர்வீட்டுக்குத் தெரியக்கூடாது. பீரோ சாவி இருக்கும் இடம் மனைவிக்கே பாதிதான் தெரியும். ஆனால் முகம் தெரியாத ஊர்களில் குளிரூட்டி வைத்திருக்கும் சர்வர்களுக்கு முன்னால் மட்டும் மனிதர் முற்றும் துறந்த துறவி.

இந்தத் துறவி சென்ற தீபாவளிக்கு ஸ்மார்ட் கார் எடுத்தார். ஆன்ரோடு இருபது லட்சத்துக்குச் சற்று மேல். கத்திரி வெயிலில் வெந்து சாகும் ஊரில் கூரையில் கண்ணாடி வைத்த கார். வாயால் சொன்னால் அந்தக் கூரை திறக்கும். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதுவும் அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த மருமகன் மாதிரிச் சொல்ல வேண்டும். இவர் சொன்னால் ஏசி கூடுகிறது. தடம் மாறினால் எச்சரிக்கும் வசதியும் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தடம் என்று ஒன்று இருப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரே பிரஜை அந்தக் கார்தான். ஷேர் ஆட்டோ ஒருபக்கம், தண்ணீர் லாரி மறுபக்கம், நடுவில் எதிர்த்திசையில் வரும் மொபெட். கார் கத்திக்கொண்டே போகிறது, பாவம்.

டெலிவரி எடுத்த அன்று அட்டைச் சாவியைப் பிடித்துக் குடும்பத்தோடு போட்டோ, ஒரு கேக், நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம். ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதாம். வண்டியைச் சுற்றிலும் நான்கு கேமரா, உள்ளே டிரைவரைப் பார்த்தபடி ஒன்று, இத்தனை கண்களுக்கும் சேர்த்து ஒரு கற்பூரம்கூட இல்லை. ஷோரூம் பையன் “போனைக் குடுங்க சார்” என்று வாங்கி, செயலியை இறக்கி, “ஓடிபி சொல்லுங்க சார்” என்று கேட்டு, திரையில் வந்த ஐந்தாறு ‘ஒப்புக்கொள்கிறேன்’களை அவனே தட்டித் தள்ளிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கல்யாணத்தில்கூடப் பெண்ணிடம் சம்மதம் கேட்க இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

காருக்குள் ஒரு சிம் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளுக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. இலவசம் என்றால் நம்மவர் காரணம் கேட்கமாட்டார். வண்டி எங்கே நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தது, பெல்ட் போட்டிருந்தாரா, எல்லாவற்றையும் அந்த சிம்மால் ஊருக்கு வெளியே அனுப்ப முடியும். ப்ளூடூத்தில் போனை இணைத்ததும் தொடர்பு எண்கள் காருக்குள் இறங்கிக்கொள்ளும். இரண்டாவது சனிக்கிழமை “ஆடிட் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் ஈசிஆர் பக்கம் போவது வீட்டுக்குத் தெரியாது, ஆபீசுக்குத் தெரியாது. காருக்குத் தெரியும்.

2023 செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை உட்கார்ந்து படித்தது. உலகத்திலேயே அவற்றை முழுசாகப் படித்த முதல் ஆட்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். இருபத்தைந்தும் ஃபெயில். தாங்கள் இதுவரை சோதித்த பொருள்களிலேயே இவ்வளவு மோசமான வகை வேறில்லை என்று எழுதினார்கள். 21 பிராண்டுகள் தகவலைப் பிறரோடு பகிரவோ பிறருக்கு விற்கவோ முடியும் என்கின்றன. 14 பிராண்டுகள் அரசாங்கமோ போலீஸோ கேட்டால் கொடுப்போம் என்கின்றன. நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்ற கட்டாயமில்லை, கேட்டால் போதும். நிசானின் அமெரிக்க ஆவணத்தில் சேகரிக்கக்கூடிய விவரங்களின் பட்டியலில் உரிமையாளரின் பாலியல் நடவடிக்கையும் இருந்தது. அதை வண்டியின் எந்தப் பாகம் அளக்கிறது என்று எழுதவில்லை. ஷாக் அப்சார்பராக இருக்கலாம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த வேலை இன்னும் சுத்தம். ‘ஸ்மார்ட் டிரைவர்’ என்று ஒரு வசதி. நன்றாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம், பாராட்டுப் பதக்கம் தருகிறோம் என்று சொல்லிப் பதிவுசெய்ய வைத்தார்கள். தெரியாமலே பதிவானவர்களும் உண்டு. ஒருவருக்குக் காப்பீட்டுக் கட்டணம் திடீரென்று 21 சதவீதம் ஏறியது. ஏன் என்று தேடிப்போனவர் கையில் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் தரகுக் கம்பெனி 258 பக்க அறிக்கையைக் கொடுத்தது. ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் போன 640 பயணங்கள் அதில் இருந்தன. கிளம்பிய நேரம், நின்ற நேரம், போட்ட பிரேக், மிதித்த ஆக்ஸிலரேட்டர். காருக்குப் பணம் கொடுத்தவர் அவர். பெட்ரோலோ கரண்டோ போட்டவர் அவர். கார் வேலைபார்த்தது இன்ஷூரன்ஸ்காரனுக்கு. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்ட பிறகு கம்பெனி நிறுத்திக்கொண்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம், இப்படிப்பட்ட தரகர்களுக்கு ஐந்து ஆண்டுகள் தகவல் கொடுக்கக் கூடாது என்றது. ஐந்து ஆண்டு. பிக்பாக்கெட்காரனைப் பிடித்து, ஐந்து வருஷத்துக்கு அடுத்தவன் பையில் கைவிடாதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிற தண்டனை.

டெஸ்லா கார்களின் கேமராவில் பதிவான வாடிக்கையாளர் காட்சிகளை, ஒருவர் உடையில்லாமல் தன் காரை நோக்கி நடந்துவந்தது உட்பட, ஊழியர்கள் தங்களுக்குள் அனுப்பி ரசித்துக்கொண்டிருந்தார்கள் என்று முன்னாள் ஊழியர்களே 2023இல் ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனம் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரத்தை இணையத்தில் பூட்டாமல் போட்டு வைத்திருந்தது 2024 டிசம்பரில் அம்பலமானது. அதில் ஜெர்மன் அரசியல்வாதிகளின் கார்களும் ஹாம்பர்க் போலீஸின் ரோந்து வண்டிகளும் இருந்தன. உளவுத்துறை ஆட்களுடையவை என்று சந்தேகிக்கப்பட்ட கார்களும்கூட. வேவு பார்ப்பவனையே வேவு பார்த்த வண்டி. இந்த ஒரு செய்திக்காக மட்டும் அந்தக் காருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம்.

“அதெல்லாம் வெளிநாடு சார், நம்ம ஊர்ல அவ்வளவு தூரம் யோசிக்கமாட்டான்” என்பது அடுத்த கருத்து.

நம்ம ஊரில் இந்த வியாபாரத்தைத் தனியார் முழுசாகத் தொடங்கும் முன்பே அரசாங்கம் கடை திறந்துவிட்டது. வாகனப் பதிவுக்கு ‘வாகன்’, ஓட்டுநர் உரிமத்துக்கு ‘சாரதி’ என்று இரண்டு தரவுத்தளங்கள். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்று, புரோக்கருக்கு அழுது, நாம் கொடுத்த விவரம் அது. 2019இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை மொத்தமாக விற்க ஒரு கொள்கையே வகுத்தது. வணிக நிறுவனத்துக்கு விலை 3 கோடி ரூபாய். அந்த ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் கணக்குச் சொன்னார்: 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அணுகல் கொடுத்திருக்கிறோம், வருமானம் 65 கோடி. வெட்கமில்லாமல், வருமானமாகச் சொன்னார். தனியுரிமை பற்றிய கேள்விகள் எழுந்ததும் 2020 ஜூனில் கொள்கையை வாபஸ் வாங்கினார்கள். கொள்கையைத் திரும்ப வாங்கலாம், கறந்த பால் மடி புகுமா? நம்முடைய வண்டி எண்ணை வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று தேன் குரலில் ஒரு பெண் கூப்பிடும்போது, “என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது?” என்று நாம் அந்தப் பெண்ணைத் திட்டுகிறோம். பத்தாயிரம் சம்பளத்துக்குப் போன் பேசும் பிள்ளை அது. திட்டு வாங்க வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள்.

ஆதார் கதை இதைவிடக் கேவலம். 2018 ஜனவரியில் ட்ரிப்யூன் நாளிதழின் நிருபர் ஒருவர் 500 ரூபாயை ஒரு வாட்ஸ்அப் தரகருக்குக் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியைப் பத்தே நிமிடத்தில் வாங்கினார். வாசலைத் திறந்து வைத்தவனைத் தேடும் முன் அந்த நிருபரின் பெயரைத்தான் வழக்கில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து, அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நின்று, ஆதார் தரவு 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள மதிலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றார். செஞ்சிக் கோட்டையைக் காப்பாற்றும் உத்தி. குதிரைப்படை வந்தால் கவலையில்லை.

மாநிலத்தை மட்டும் விட்டுவிடுவானேன். தமிழ்நாடு காவல்துறை தெருவில் போகிறவர்களின் முகத்தைப் படம் பிடித்துக் குற்றவாளிகளோடு ஒப்பிடும் மென்பொருளைப் பெருமையாகக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்தான். எல்லோர் முகத்தையும் தெரிந்து வைத்திருந்த மென்பொருளுக்கு வீட்டுக்குள் நுழைந்தவனின் முகம் மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில் தேசபக்தர் எழுந்துகொள்வார். “எல்லாம் சைனாக்காரன் வேலை சார். அவன்தான் டேட்டாவைத் திருடுறான்.” சொல்லிக்கொண்டிருக்கும் போன் எந்த ஊரில் செய்தது என்று பின்பக்கம் திருப்பிப் பார்க்கமாட்டார். ஆனால் அவர் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். அரசாங்கங்கள் எல்லாமே அந்தப் பயத்தோடுதான் இருக்கின்றன. சீனா 2021லேயே தன் ராணுவ வளாகங்களுக்குள் டெஸ்லா கார்கள் வரக்கூடாது என்றது. வண்டியின் கேமரா எதையாவது பார்த்துவிடுமாம். அமெரிக்கா 2025 ஜனவரியில், இணையத்தோடு பேசும் சீன மென்பொருள் உள்ள கார்களுக்குத் தடை விதித்து விதி போட்டது. இந்தியா 2025 ஏப்ரல் முதல், அரசுச் சோதனைச்சாலையின் சான்று இல்லாத சிசிடிவி கேமராவை விற்கக்கூடாது என்றது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இந்த மூன்று அரசுகளும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: கேமராவும் சிம்மும் மென்பொருளும் உள்ள பொருள் ஆபத்தானது. அவர்களுக்கு ஆபத்தானது. நமக்கு அது வசதி.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழியைத்தான் ‘மறைக்க ஒன்றுமில்லை’ பேர்வழிகள் தங்களுக்குச் சான்றிதழாக வைத்திருக்கிறார்கள். சரி, அதே உரைகல்லை எடுத்துக்கொண்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து சவுத் பிளாக் வரை ஒரு நடை போய்வருவோம். யார் மடியில் என்ன கனக்கிறது?

2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி தொடங்கினார்கள். பெயர் பிரதமருடையது, சின்னம் நான்முகச் சிங்கம், இணைய முகவரி அரசாங்கத்துடையது, தலைவர் பிரதமர். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கு, இது அரசாங்கத்தின் நிதி இல்லை, தகவல் உரிமைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று டெல்லி உயர்நீதிமன்றத்தில் பதில். தேர்தல் பத்திரம் என்று ஒன்று. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை அறியும் பொதுவான உரிமை குடிமகனுக்கு இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடினார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே குப்பையில் போட்டு, பட்டியலைக் கொடு என்றது. பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்து முடிந்துவிடும், தற்செயலாகத்தான். மார்ச் 11 அன்று நீதிபதிகள் அதட்டினார்கள். மார்ச் 12 அன்று பட்டியல் வந்தது. நாலு மாதம் தேவைப்பட்ட வேலை ஒரே நாளில் முடிந்தது. உங்கள் கணக்கில் மினிமம் பேலன்ஸ் ஒரு ரூபாய் குறைந்தால் அதே ராத்திரி குறுஞ்செய்தி அனுப்பும் வங்கித்துறை இது.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் நினைவிருக்கிறதா? 2021 ஜூலையில் அந்த விவகாரம் வெளிவந்தது. அந்த மென்பொருளை வாங்கினீர்களா, பயன்படுத்தினீர்களா என்று அரசாங்கத்தை உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொன்னால் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து. நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசாங்கம் ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி திறந்த மன்றத்தில் சொன்னார். அன்று சாயங்காலம் டிவியில் வேறு விவாதம் நடந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ரத்தம் கொதித்தது வாக்குச்சாவடிக் கேமராவில்.

நகைக்கடையில் கேமரா, ரேஷன் கடையில் கேமரா, கோயில் வரிசையில் கேமரா, பிள்ளைகளின் வகுப்பறையில் கேமரா, பரனூர் சுங்கச்சாவடியில் கேமரா. சென்னையில் வீட்டை விட்டு இறங்கிப் பால் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்ணை எத்தனை கேமரா பார்க்கிறது என்று அவளுக்கே தெரியாது. யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. வாக்குச்சாவடியிலும் கேமரா வைத்தார்கள், நம் காசில். ஒரு வழக்கில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் அந்தப் பதிவைக் கொடு என்று தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. கொடுக்கவில்லை. 2024 டிசம்பர் 20 அன்று விதியைத் திருத்தி, அந்தப் பதிவு பொதுமக்கள் பார்வைக்குக் கிடையாது என்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், வழக்கு இல்லாவிட்டால் 45 நாளில் அழித்துவிடலாம் என்று சுற்றறிக்கை. பிறகு ஆகஸ்டில் தலைமைத் தேர்தல் ஆணையர் நம் தாய்மார்கள், மருமகள்கள், மகள்களின் காணொளியையெல்லாம் கொடுக்கலாமா என்று நாட்டைப் பார்த்துக் கேட்டார். ஆகா, என்ன பண்பாடு! தெருமுனையில், பஸ்ஸில், லிஃப்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்தபோதெல்லாம் அவர்கள் யாருடைய தாய், யாருடைய மகள்? ஓட்டுப் போட வரிசையில் நிற்கும்போது மட்டும் திடீரென்று குலமாதர் ஆகிவிடுகிறார்களா? எண்ணிக்கையில் சந்தேகம் கேட்டால் முந்தானையை இழுத்து மூடுகிற நிர்வாகத்துக்குப் பெயர் கண்ணியம் கிடையாது.

இந்தத் தந்திரத்தைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள் என்பதுதான் பெரிய செய்தி. நம் தகவலைக் காப்பாற்ற என்று சொல்லி 2023 ஆகஸ்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். அது எப்படிப்பட்ட காவல்காரன் என்று பாருங்கள். கம்பெனி தவறினால் 250 கோடி வரை அபராதம். அரசாங்கம் தனக்குப் பிடித்த எந்த அரசு அமைப்புக்கும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக்கொள்ளலாம். கூடவே, பந்தியில் யாரும் பார்க்காதபோது இலையைச் சுருட்டுகிற மாதிரி, 44(3) என்று ஒரு பிரிவு. அது தரவைப் பற்றியதே அல்ல; 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால், அதற்கும் பொதுப்பணிக்கும் சம்பந்தமில்லை என்றோ, கொடுத்தால் அநியாயமாக ஒருவரின் அந்தரங்கம் கெடும் என்றோ அதிகாரி காட்ட வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரு அருமையான வரியும் அங்கே இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, ‘தனிநபர் தகவல்’ என்றால் மறுக்கலாம் என்று மொட்டையாக வைத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 14 முதல் இது நடப்பில் இருக்கிறது.

நூறுநாள் வேலையின் வருகைப்பதிவேட்டில் செத்துப்போனவர் பெயரில் கூலி எடுத்தால், அதைக் கண்டுபிடிக்கப் பெயர் வேண்டும். பெயர் தனிநபர் தகவல். போலிச் சான்றிதழில் வேலைக்குச் சேர்ந்தவரைக் கண்டுபிடிக்கச் சான்றிதழ் வேண்டும். அதுவும் தனிநபர் தகவல். முதல் மழைக்கே கரைந்துபோன சாலையை எந்த காண்ட்ராக்டர் போட்டார், எந்த என்ஜினியர் கையெழுத்திட்டார்? மனிதர்கள்தானே அவர்களும், பெயர் இருக்கத்தானே செய்யும்? உங்கள் அந்தரங்கத்தைக் கார்க் கம்பெனியிடமிருந்து காப்பாற்றப் போகிறோம் என்று வாளை உருவியவர்கள், திரும்பி நம் கையில் இருந்த பத்து ரூபாய் மனுவை வெட்டியிருக்கிறார்கள்.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுத் தூங்கப் போக எனக்கு மனசில்லை. சிபிஐயைத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது 2011இல் காங்கிரஸ் ஆட்சி. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2008இல், தமிழ்நாட்டில் திமுக அரசு லஞ்ச ஒழிப்புத்துறைக்கு அதே சலுகையைக் கொடுத்து அரசாணை போட்டது. பிறகு வந்த அதிமுக ஆட்சிக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. லஞ்சத்தை ஒழிக்கிற துறையே ரகசியம். எவ்வளவு ஒழித்தோம் என்று தெரிந்தால் மக்கள் சந்தோஷத்தில் மாரடைத்துச் சாவார்கள் என்ற அக்கறையாக இருக்கும்.

ஆகவே என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. காரை ஸ்மார்ட் ஆக்கியது போதும், அரசாங்கத்தை ஸ்மார்ட் ஆக்குவோம். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு காரும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பீப் என்று கத்த வேண்டும், 120ஐத் தாண்டினால் நிறுத்தாமல் கத்த வேண்டும் என்பது விதி. டெண்டர் தொகை மதிப்பீட்டைத் தாண்டினால் கோட்டையில் ஒரு பீப். இருமடங்கானால் நிறுத்தாமல். அமைச்சர் பதவிப் பிரமாணத்தின் தடத்தை விட்டு விலகினால் நாற்காலி அதிர வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் ஃபாஸ்டாக் ஒட்டலாம். எந்த மேஜையில் எத்தனை நாள் நின்றது, எவ்வளவு கழிந்தது என்று நமக்குக் குறுஞ்செய்தி வரட்டும். இதிலும் ஏமாற்றுவார்கள் என்பது தெரிந்ததுதான். பரனூரைக் கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேல் கட்டண விலக்கு பெற்றவை என்று கணக்கு எழுதப்பட்டிருந்ததை 2023இல் சிஏஜி அறிக்கை சொன்னது. இந்த நாட்டில் பாதிப்பேர் விஐபி என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சேவை தொடங்கும் முன் ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய நிபந்தனைகளையும் எழுதிவிட்டேன். கார்க் கம்பெனிகளின் நடையிலேயே:

‘மக்களாகிய நாங்கள், உங்கள் ஆட்சி அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு, உங்கள் கோப்புகள், சந்திப்புகள், பயணங்கள், பினாமிகள், மகன் பெயரிலுள்ள கல்லூரிகள், மாப்பிள்ளை பெயரிலுள்ள குவாரிகள் ஆகிய விவரங்களைத் தானியங்கி முறையில் சேகரிப்போம். இவற்றை எங்கள் நம்பகமான கூட்டாளிகளான டீக்கடை, சலூன், தண்ணீர் லாரி வரிசை, நடைப்பயிற்சிப் பூங்கா ஆகியவற்றுடன் பகிர்ந்துகொள்வோம். சேகரிப்பை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுத்தினால் உங்கள் பதவியின் செயல்திறன் குறையலாம், கடும் பழுது ஏற்படலாம், அல்லது பதவி இயங்காமலே போகலாம்.’

கடைசி வாக்கியம் என் கற்பனை என்று நினைக்கவேண்டாம். தகவல் சேகரிப்பை அணைக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கு டெஸ்லா தன் ஆவணத்தில் கொடுத்திருந்த எச்சரிக்கை கிட்டத்தட்ட இதுதான்; பதவி என்ற இடத்தில் வண்டி இருந்தது.

இவ்வளவு எழுதியும் துறவிக்கு உறைக்காது என்றே நினைத்திருந்தேன். ஒரே ஒரு முறை உறைத்தது. 2025 நவம்பர் 28 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை போன் கம்பெனிகளுக்கு ஒரு உத்தரவு அனுப்பியது. ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரசுச் செயலியை 90 நாளுக்குள் எல்லாப் புதுப் போன்களிலும் ஏற்றியே விற்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்க வழி இருக்கக்கூடாது. நம் சட்டைப்பையில் கிடக்கும் போனைப் பற்றிய உத்தரவு. ஆனால் நமக்குச் சொல்லவில்லை, கம்பெனிகளுக்கு மட்டும் கமுக்கமாகப் போனது. செய்தி கசிந்த பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. மறைக்க ஒன்றுமில்லாத அத்தனை பேரும் அன்றைக்குப் பதறினார்கள். வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் மறுநாளே பின்வாங்கினார்; உத்தரவோ முடக்கக்கூடாது என்றிருந்தது. டிசம்பர் 3 அன்று உத்தரவையே வாபஸ் வாங்கினார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. யாரும் பஸ் கொளுத்தவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது, அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஜார்க்கண்டின் தகவல் ஆணையம் 2020 மே மாதம் ஆணையர்கள் இல்லாமல் போய், ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மத்தியத் தகவல் ஆணையத்தின் தலைமை நாற்காலியும் அவ்வப்போது காலியாகும். நிரப்ப அவசரம் இருக்காது. மனுக்கள் அடுக்கி வைக்கப்பட்டு, மனுதாரர்கள் அலுத்துப்போகும்வரை காத்திருப்பார்கள். அந்தச் சலிப்பை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் நடக்கிறது.

கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். என் வாகனப் பதிவு விவரம் எந்தெந்த நிறுவனங்களுக்கு, என்ன விலைக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, கொள்கை வாபஸ் ஆனபின் அவர்களிடம் இருந்ததை அழித்ததற்குச் சான்று என்ன என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘தனிநபர் தகவல்’ என்று மறுத்தால், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.